குசினி, மேசை, சப்பாத்து

மூன்று சொல் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பன்மொழிப் புலவனாகவே செத்துப்போகலாம். நான் வாயைத் திறந்தேன்.

எழுபதுகளில் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருந்தோம். என் மகன் விளையாடிய பொடியளின் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சியாளர் ரமோன். ஆர்ஜென்டினாவில் ஒரு சின்ன ஊரின் முதல் அணியில் ஆடியவர். அவருடைய தெருவில் நடந்தால் பாண்கடைக்காரர் ஓடிவந்து கைகுலுக்குவாராம்; அடுத்த ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். இதையெல்லாம் கையாலும் காலாலும் சொன்னார். (ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை எண்டு சும்மாவா சொன்னவை?) சிட்னியிலோ அவர் இலுப்பைப்பூவாகக்கூட இல்லை.

ஒருநாள் மகனின் காலணியைக் காட்டி, "சப்பாத்தோ, சப்பாத்தோ" என்று கத்தினார். கயிறு அவிழ்ந்திருந்தது.

"சப்பாத்துத்தானே?" என்றேன்.

பிறகு மேசை, சமையலறைக்குக் குசினி என்று ஒவ்வொன்றாகப் பொருந்தப் பொருந்த, மனுசன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். (போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்கள் அவை; அவர்களின் மொழியும் ஸ்பானிய மொழியும் அக்கா தங்கச்சி மாதிரி. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.) அன்று முதல் நான் ஸ்பானிய மொழி தெரிந்தவன்.

அந்த நேரம் கழகத்துக்காரர்கள், "இந்த ஆள் உண்மையிலேயே ஆடினவர்தானா?" என்று முணுமுணுத்து, வேறு ஆள் தேடத் தொடங்கியிருந்தார்கள். அப்போதுதான் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் வந்தார். ரமோனின் பழைய ஆட்டக்கதை பத்திரிகையில் வந்தால் வேலை போகாமல் தப்பும். ரமோனுக்கு ஆங்கிலத்தில் 'ஓடு', 'நில்' மட்டும்தான். மொழிபெயர்க்க நான் முன்னுக்குப் போனேன்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு உண்மையா விளங்குமோ?" மனைவி பவளம் காதுக்குள் கேட்டாள்.

"ஓமப்பா. எங்கட தமிழ் மாதிரித்தான்."

ரமோன் நெடுநேரம் பேசினார். கண் கலங்கியது. என் வலையில் விழுந்தவை: மமா, குசினி, மேசை, சப்பாத்து.

நிருபர் என்னைப் பார்த்தார்.

"இவருடைய தாயார் பெரிய குசினி நடத்தினவர்," என்று ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டேன். "இவர் சப்பாத்துத் தேயத் தேய மேசைக்கு மேசை ஓடிச் சாப்பாடு பரிமாறினவர். காலில் வேகம் அப்படித்தான் வந்தது."

'பந்தும் பழக்கும் சமையல்காரர்' என்று தலைப்பு வந்தது. ஆள் சமையல்காரர்தான் என்று கழகத்துக்காரர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. பத்திரிகையில் வந்த ஆளை விட மனமில்லாமல் ரமோனை வைத்துக்கொண்டார்கள், சனிக்கிழமைகளில் சொசேஜ் சுடும் பொறுப்பையும் கொடுத்தார்கள். ஏனென்று விளங்காமலே அவர் சுட்டார், கருக்கினார். வேலை தப்பியது. ஆட்டக்காரன்தான் காணாமல் போனான்.

சில வருடங்களில் அவருக்கு ஆங்கிலம் வந்தது. அடுப்படியில் நின்றபடி சொன்னார்: "அண்டைக்கு நான் சொன்னது இதுதான். அம்மாவின் குசினியிலை, மேசைக்குக் கீழே, நான் ஆடின சப்பாத்து இன்னும் இருக்கு. ஞாயிறு தோறும் துடைச்சு வைக்கிறா. நான் ஆட வருவனாம்."

சொல்லிவிட்டு சொசேஜைப் புரட்டினார்.

இன்றும் வீட்டில் யாராவது தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசினால் மகன், "அப்பாவைக் கூப்பிடுங்கோ, மொழிபெயர்ப்பார்" என்பான். பவளம் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும்தான். ஆனால் மேசைக்குக் கீழே யாராவது கழற்றிவிட்ட சப்பாத்துக் கிடந்தால், அதை எடுத்து வெளியே வைக்க மட்டும் எனக்கு மனம் வருவதில்லை.