மூலையில் கொஞ்சம் பச்சை

"மறுபடியும் பச்சை!" என்றாள் பெய்-லின்.

திரையில் இருந்தது ஒரு வெள்ளைப் பலகையின் படம். வெள்ளைப் பலகையைப் படம் எடுத்தால் வெள்ளையாகத்தானே வர வேண்டும்? வலது கீழ் மூலையில் மட்டும் யாரோ கீரைச் சாறு தெளித்த மாதிரி இருந்தது.

"லென்ஸைத் துடைச்சுப் பாத்தீங்களாக்கா?" என்றான் அடுத்த இருக்கைப் பொறியாளன் ஆ-காய்.

"என் மூக்குக் கண்ணாடி வரைக்கும் துடைச்சாச்சு."

நான்கு மணிக்கு ஒசாகாவிலிருந்து இமனிஷி வருகிறார். அவர் 'சரி' என்று கையெழுத்துப் போட்டால் ஆர்டர் நிலைக்கும். 'இல்லை' என்று தலையை ஆட்டிவிட்டால் சின்ச்சு ஊரிலிருக்கும் இந்த ஆலையின் கேமராக் குழு காலி. பதினொரு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

லென்ஸ் என்றாலே நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் மங்கலும் இருக்கும். மங்கிய இடத்தைக் கணக்குப் போட்டுத் தூக்கிவிட்டால் படம் சரியாகிவிடும். ஆனால் இப்போதைய கேமராக்களில், கை ஆடினாலும் படம் ஆடாமலிருக்க, உள்ளே லென்ஸே நகர்ந்து கொடுக்கிறது. அது நகர்ந்தால் ஓரத்து மங்கலும் கூடவே நகரும். லென்ஸ் போகும் இடமெல்லாம் திருத்தமும் பின்னாலேயே போகும்படி பெய்-லின் ஒரு கணக்கு எழுதியிருந்தாள். அதைத்தான் இமனிஷி பார்க்க வருகிறார்.

போன வருஷமே இந்தக் குழுவைக் கலைத்துவிடுவதாக இருந்தார்கள். நல்லவேளை, அதற்குச் சற்று முன் ஆலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த இமனிஷியின் கம்பெனி, 'எங்கள் சோதனைப் படங்களில் மூலையில் பச்சை அடிக்கிறது, திருத்தித் தாருங்கள்' என்று ஒரு பெரிய வேலையைக் கொடுத்தது. பதினொரு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அந்தப் பச்சைக்கு பெய்-லின் மனதுக்குள் நன்றி சொல்லாத நாளில்லை. அவள் எடுத்த படங்களில் அது ஒருநாளும் தலைகாட்டவில்லை. எல்லாம் தன் கணக்கின் சாமர்த்தியம் என்று கொஞ்சம் கர்வம்கூட அவளுக்கு உண்டு.

அந்த கர்வத்தைப் பார்த்துச் சிரிப்பதுபோல, இன்று பார்த்து, பச்சை வந்து உட்கார்ந்திருந்தது.

மூலையில் பச்சையைக் குறைக்கும்படி கணக்கை மாற்றினாள். கேமராவை ஆட்டும் மேசையை ஓடவிட்டு மறுபடி படம் எடுத்தாள். பச்சை அப்படியே இருக்க, கணக்கு பச்சையைக் குறைத்த இடம் ரோஜா நிறக் கறையாகி, லென்ஸோடு சேர்ந்து இங்குமங்கும் அலைந்தது.

"இப்ப பச்சையும் இருக்கு, ரோஸும் இருக்கு. பலகாரக் கடை மாதிரி அழகா இருக்குக்கா."

"வாயை மூடிட்டு வேற கேமராவை எடு."

வேறு கேமராவிலும் பச்சை இருந்தது. அதற்குள் சூ மேனேஜர் வந்துவிட்டார். நல்ல மனிதர். யாரையும் திட்டத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் பதறுவார்.

"பொட்டலம் இருக்காம்மா?" என்றார் முதல் வேலையாக.

அந்த ஊரில் பொட்டலம் இல்லாத மெஷின் கிடையாது. பச்சை உறை போட்ட சோளப்பொரிப் பொட்டலம். அதன் பெயருக்கே 'சமத்தாக இரு' என்று பொருள். பச்சையாகத்தான் இருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது, பிரித்துத் தின்றுவிடவும் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மெஷின் மக்கர் பண்ணும். சூ மேனேஜருக்கு அதில் தனி பக்தி. கல்யாணத்துக்குப் போனாலும் மொய்யோடு ஒரு பொட்டலம் வைப்பார். ஆபீசுக்கு வந்த விருந்தாளி எவரும் பொட்டலம் இல்லாமல் திரும்பியதில்லை.

"இருக்கு சார், பாருங்க."

"இருக்கத்தான் செய்யும், காலையில நான்தானே வச்சேன்! மெஷினுக்குப் பின்னாடி இருந்த சின்னதை எடுத்துட்டு, பெருசா வாங்கி பலகைக்கு முன்னாடி, காலடியிலயே வச்சேன், வர்றவர் கண்ணுல படட்டும்னு. அதுக்கும் அடங்கலையா? அப்ப ஒண்ணு பத்தலை!"

செய்தி ஆலை முழுக்கப் பரவியது. பக்கத்து அறைக்காரர்கள் தங்கள் மெஷின் மேலிருந்த பொட்டலத்தையே எடுத்து வந்தார்கள். "எங்களுது இன்னிக்கு ஒருநாள் அடம் பிடிச்சா பிடிச்சிட்டுப் போகுது, நீங்க வச்சுக்குங்க!" என்றார்கள். கேன்டீன் அம்மாள் நூடுல்ஸ் மெஷினிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தாள். வாசல் காவலர் கேட்டின் மேல் கட்டியிருந்ததை அவிழ்த்து ஓடி வந்தார்.

எல்லாவற்றையும் பலகையின் காலடியில் வரிசையாக அடுக்கினார் சூ மேனேஜர். ஆ-காய் படம் எடுத்தான்.

இப்போது படத்தின் கீழ்ப்பாதியே வயல்வெளியாக இருந்தது.

"சாமி குத்தம்!" என்றார் சூ மேனேஜர், நாற்காலியைத் தேடிக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து போன். "இமனிஷி சார் வந்துட்டாரு. கேட்டு திறக்க மாட்டேங்குது. பொட்டலத்தை அவுத்தேன்ல, அதான்!"

"நல்லதாப் போச்சு, மெதுவா திறங்க!" என்று கத்திவிட்டு பெய்-லின் திரைக்கு ஓடினாள். ஆட்டும் மேசை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரோஜாக் கறை ஆடியது. பச்சை ஆடவில்லை.

"ஆ-காய், லென்ஸ் நகர்ந்தா ஓரத்து நிழலும் நகரணும் இல்லையா?"

"ஆமா."

"இது நகரவே இல்லையே! அப்ப இது லென்ஸோட நிழல் இல்லை. பலகையிலேயே இருக்கு."

இருவரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று மின்னிய பொட்டலங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், பொட்டலத்தை எடுக்கணும்," என்றாள் பெய்-லின் மெதுவாக.

"எதை எடுக்கணும்?"

"அதோட பச்சைதான் சார் பலகையில அடிக்குது."

"எடுத்தா மெஷின் படுத்துடும்மா! வேணும்னா வெள்ளைத் துணி போட்டு மூடு."

"மூடினா மெஷினுக்குப் பொட்டலம் இருக்கிறது எப்படி சார் தெரியும்?" என்றான் ஆ-காய், முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு.

அது நியாயமாகப் பட்டது மேனேஜருக்கு. கடைசியில் எல்லாப் பொட்டலங்களும் மெஷினுக்குப் பின்பக்கம் இடம் மாறின. பெய்-லின் பழைய கணக்கையே திரும்ப ஏற்றினாள். படம் பால் மாதிரி வந்தது. கேட்டும் திறந்தது.

இமனிஷி படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார், மேசையை ஆட்டச் சொல்லிப் பார்த்தார். நாலு மூலையும் ஒரே வெள்ளை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

பெய்-லினுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆ-காய்க்கு நன்றி சொன்னாள். பக்கத்து அறைக்காரர்களுக்கும் கேன்டீன் அம்மாளுக்கும் சொன்னாள். கேட்டைத் திறக்காததற்காகக் காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒசாகாவில் தோன்றி பதினொரு குடும்பத்துக்குச் சோறு போட்ட அந்த முதல் பச்சைக்கும், இமனிஷியின் முன் தலை வணங்கியபோது, சேர்த்தே சொல்லிக்கொண்டாள். அது எப்படித் தோன்றியது என்று மட்டும் அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எப்படியோ தோன்றியதே, அதுவே போதும்.

கேட் வரைக்கும் தனியாகப் போய் வழியனுப்பும்போது சூ மேனேஜர் வழக்கம்போல ஒரு பெரிய பச்சைப் பொட்டலத்தை நீட்டினார். இமனிஷி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். போன வருஷம் நீங்க குடுத்ததை, ஊருக்குப் போன அன்னிக்கே எங்க வெள்ளைப் பலகைக்கு முன்னாடி எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வச்சோம். அது வந்த ராசி, மறுநாளே இந்தப் பச்சைக் கோளாறைக் கண்டுபிடிச்சிட்டோம்!"