அத்திமரம் இருந்த இடத்திலிருந்து

"இதுல படி எத்தனை?" என்று கேட்டார் வில்பெர்த்.

விடுதிக்காரர் தோன் எவேலியோ பெருமூச்சு விட்டார். மேஜையெங்கும் ஜிப்லைன் கம்பெனிகளின் வண்ணத்தாள்கள். மோந்தேவெர்தே மலையில் ஆளைக் கம்பியில் மாட்டிக் காட்டுக்கு மேலே பறக்கவிடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

"கோபுரம் ஏறணும். கொஞ்சம் படி இருக்கு."

"வேண்டாம். அடுத்தது?"

"இதுல தொங்குபாலம். பாலத்துக்குப் போக காட்டுக்குள்ள சின்ன நடை."

"பறக்கத்தானே காசு குடுக்கறோம்? நடக்க எதுக்குக் குடுக்கணும்?"

"அப்போ படுத்துக்கிட்டே போற மாதிரி ஏதாவது இருக்கா பாருங்க, தோன் எவேலியோ," என்றாள் வில்பெர்த்தின் மனைவி யோர்லேனி, கருப்பு பீன்ஸ் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே.

வில்பெர்த் எரேதியா நகரத்துத் தபால்காரர். ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு வலது முழங்காலில் அறுவைசிகிச்சை நடந்தது. முட்டி இப்போது புதுசு மாதிரி, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். வில்பெர்த் அதை நம்பவில்லை. தபால் நிலையத்தில் ஸ்டாம்பு விற்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர், வீட்டிலும் உட்கார்ந்தே இருந்தார். குடையை ஊன்றாமல் குளியலறைக்குக்கூடப் போவதில்லை.

அதுவாவது பரவாயில்லை. அவர் மயக்கத்தில் கிடந்தபோது யோர்லேனி கார்த்தாகோ மாதாவிடம் ஒரு காரியம் செய்துவிட்டாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் ஆகஸ்டு திருவிழாவுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டிலிருந்து ஒரு பகல் நடைதூரத்திலுள்ள கார்த்தாகோ கோயில்வரை நடந்தே வருகிறோம் என்று நேர்ந்துகொண்டாள்.

"என்னைக் கேக்காம என் காலை எப்படி நேர்ந்துவிட்டே?" என்று அவர் அன்றைக்கே சண்டை போட்டார்.

"பின்னே, கையை நேர்ந்துவிட்டிருந்தா கையால நடப்பீங்களா?"

இப்போது ஜூலை விடுமுறை. ஆகஸ்டு மூக்குக்கு எதிரே நின்றது. வில்பெர்த்திடம் ஒரு திட்டம் இருந்தது. "நான் பறந்து காட்டறேன். நடக்கறதைவிடப் பறக்கறது பெரிசு இல்லையா? மாதா அதையே வரவுல வெச்சுக்கட்டும்." அதற்காகத்தான் இந்த மலைக்கே வந்திருந்தார்கள்.

கடைசியில் ஒரு சின்னத் தாள் அகப்பட்டது. தேன்சிட்டுப் படம் போட்ட கம்பெனி. கோபுரம் கிடையாது, பாலம் கிடையாது. மலைவிளிம்பிலேயே கம்பி தொடங்குகிறது. விடுதி வாசலிலிருந்து வேனில் கூட்டிப்போவார்கள்.

"இதுதான்!" வில்பெர்த் மேஜையைத் தட்டினார். காப்பி துள்ளியது.

யோர்லேனி போன் பேச வெளியே போனாள். நெடுநேரம் பேசினாள். திரும்பி வந்தபோது முகத்தை வருத்தமாக வைத்திருந்தாள்.

"நம்ம வாசலுக்கு இன்னிக்கு வேன் வராதாம். ஆனா பக்கத்துலதானாம்."

"பக்கத்துலன்னா?"

"பழைய பால் டிப்போ இருந்த இடத்துலேர்ந்து ஒரு தெரு மேலே. அத்திமரம் இருந்த இடத்துல இடது பக்கம். அப்புறம் நீலவீடு."

"நீலவீடு இப்போ நீலமா இருக்கா?"

"இல்லையாம். மஞ்சளாம்."

வில்பெர்த்தின் கண்ணில் நெடுநாளாகக் காணாத வெளிச்சம் வந்தது. கதவு எண்ணை யாரும் எழுதாத ஊரில், எதுவோ இருந்த இடத்தைச் சொல்லி வருகிற கடிதங்களைக் காலமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். இல்லாத பேக்கரிகளும் இடிந்த திரையரங்குகளும் அவர் தலைக்குள் இன்னும் திறந்தேதான் இருந்தன.

"இது ஒரு விலாசமா எனக்கு? வா," என்றார். "என் செருப்பு எங்கே?"

"நனைஞ்சுபோச்சு. இதைப் போட்டுக்கோங்க." அவருடைய பழைய தபால் ஷூவை நீட்டினாள். அதை எதற்கு விடுமுறைக்கு எடுத்துவந்தாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

சாரல் முகத்தில் பொடியாக விழுந்தது. குடையை ஊன்றி ஊன்றி வில்பெர்த் நடந்தார். முனையிலிருந்த ரொட்டிக் கடைக்காரி, விலாசத்தைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்தாள்.

"எந்த பால் டிப்போ? மூடினதா, தீப்பிடிச்சதா?"

"தீப்பிடிச்சது," என்றாள் யோர்லேனி சட்டென்று.

"அப்போ மேலே போங்க. ஏத்தம்தான்."

ஏற்றம் அசல் ஏற்றமாகவே இருந்தது. பாதியில் வில்பெர்த் நின்று முட்டியைத் தடவினார். அப்போது கீழேயிருந்து ஒரு வேன் மெதுவாக ஏறி வந்தது. பக்கவாட்டில் ஏதோ பச்சையாகப் படம்.

"ஏங்க! அங்க பாருங்க, கெத்சால் பறவை!" யோர்லேனி அவர் தோளைப் பிடித்துக் காட்டுப்பக்கம் திருப்பினாள்.

"எங்கே? எங்கே?"

"பறந்துடுச்சு."

"என்ன நிறம்?"

"பறந்துபோற நிறம்தான். நடங்க."

தீப்பிடித்த பால் டிப்போ இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. வில்பெர்த் குடையால் புல்லைக் கிளறி, கரி படிந்த செங்கல் ஒன்றைக் கண்டுபிடித்து, அதைப் புதையல்போலத் தூக்கிக் காட்டினார். வேலியோரம் மாடு ஓட்டிவந்த ஒருவரும் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரும் உதவிக்கு நின்றார்கள். அதோடு வழி இன்னும் கெட்டது.

"அத்திமரம் அந்தத் திருப்பத்துல இருந்துச்சு," என்றார் மாட்டுக்காரர்.

"அது அத்தியா? அது கொய்யா. அத்தி அந்தப் பக்கம்," என்றார் மோட்டார் சைக்கிள்காரர்.

"உங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாலயே நான் அதுல மாடு கட்டினவன்டா!"

"அதான் மரம் செத்துப்போச்சு!"

வில்பெர்த் இரண்டு கையையும் உயர்த்தினார். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. அத்திமரம்னா நிழல். நிழல்னா ஜனங்க பஸ்ஸுக்கு நின்னிருப்பாங்க. பழைய பஸ் ஸ்டாப் எங்கே?"

இருவரும் யோசித்து, ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். கை மலை உச்சியைக் காட்டியது.

"பாத்தியா?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வில்பெர்த் புறப்பட்டார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு புறப்பட்டார். குடை செங்கல்லுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. யோர்லேனி குடையைப் பார்த்தாள், அவருடைய முதுகைப் பார்த்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பழைய பஸ் ஸ்டாப் இரண்டு இருந்தது. முதலாவது தப்பு. அங்கிருந்து இறங்கி, மூடுபனிக்குள் சுற்றி, மறுபடி ஏறினார்கள். இன்னும் இரண்டு தடவை கெத்சால் பறந்தது. இரண்டு தடவையும் வில்பெர்த் பார்ப்பதற்குள் போய்விட்டது. ஒரு மஞ்சள் வீட்டுச் சுவரை நகத்தால் சுரண்டி, உள்ளே நீலம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கினார். அடுத்த மஞ்சள் வீட்டில் சுரண்டியபோது நீலம் வந்தது.

"நீலம்! யோர்லே, நீலம்!" என்று சின்னப் பிள்ளைபோலக் கத்தினார்.

"மெதுவாப் போங்க, எனக்கு மூச்சு வாங்குது," என்றாள் யோர்லேனி. அது மட்டும் உண்மை.

வீட்டுக்குப் பின்னால் மலைவிளிம்பு, அங்கே தேன்சிட்டுப் பலகை, கம்பி. பனி விலகிய நேரத்தில் கீழே பார்த்த வில்பெர்த்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேர் கீழே, காலையில் சோறு தின்ற விடுதியின் சிவப்புக் கூரை.

"விடுதிக்குப் பின்பக்கமா ஏறியிருந்தா ஒரே தெருதான்! இதுக்குப் போய் மலையையே சுத்த வெச்சிருக்காங்க! இந்த ஊர்க்காரங்களுக்கு வழி சொல்லவே தெரியல!"

"தெரியவே இல்லை," என்றாள் யோர்லேனி.

பட்டைகளை மாட்டினார்கள். கால்கள் தரையை விட்டன. காலுக்குக் கீழே மரங்கள், மரங்களின்மேல் பனி, பனிக்குள் எங்கோ ஒரு பறவையின் குரல். வில்பெர்த் "ஊய்ய்ய்" என்று கத்தினார். முட்டி இருப்பதே மறந்துபோன அந்தக் கொஞ்ச நேரத்தில், பறப்பதற்கும் நடப்பதற்கும் நடுவே தான் ஏதோ ஒன்றைத் தாண்டிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. என்னவென்றுதான் தெரியவில்லை.

கம்பி விடுதியின் கொல்லைப்புறத்தில் முடிந்தது. பின்னாலேயே யோர்லேனியும் வந்து இறங்கினாள். பட்டைகளைக் கழற்றியதும் வில்பெர்த் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆச்சு, பறந்தாச்சு. மாதாகிட்ட நீயே சொல்லிடு. இதோட கணக்குத் தீர்ந்துது. கார்த்தாகோவரைக்கும் நடக்கறதெல்லாம் இந்தக் காலால ஆகவே ஆகாது."

யோர்லேனி வாயைத் திறப்பதற்குள், பச்சைத் தேன்சிட்டு வரைந்த வேன் ஒன்று கொல்லைப்பக்கம் வந்து நின்றது. களைத்துப்போன டிரைவர் ஒருவர் இறங்கி, வில்பெர்த்தின் கையில் அவருடைய குடையைக் கொடுத்துவிட்டு, யோர்லேனியைப் பார்த்துச் சொன்னார்:

"தோன்யா யோர்லேனி, சுத்துவழியா நடக்க வெக்கறேன், இவர் எங்க உட்கார்றாரோ அங்க வேன்ல ஏத்திக்கங்கன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க? காலையிலேர்ந்து பின்னாலயே வேனை உருட்டிட்டு வர்றேன், மனுஷன் ஒரு இடத்துலயாவது உட்காரணுமே!"