பஸ் நோட்டுகளை நூலகத்தில் சேர்த்த விவரம்

புதன்கிழமை

என் அக்கா பெற்ற ஆராய்ச்சியாளருக்கு, உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் சுகம். உன் அம்மாவும் சுகம்தான். என்னைப் பார்த்தால் மட்டும் தலைவலி வருகிறது என்கிறாள். வெளியூர் போன இடத்தில் நீ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குவாய் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பஸ் எத்தனை நிமிஷம் தாமதமாக வருகிறது என்று ஒரு வருஷம் நிறுத்தத்தில் நின்று நீ எழுதிய ஆறு நோட்டுகளையும், அதையெல்லாம் ஏற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்கையும் எடுத்துக்கொண்டு, நீ சொன்னபடியே திங்கட்கிழமை பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்குள் தரவு அந்த நூலகத்தின் இணையதளத்தில் ஏறாவிட்டால் பத்திரிகையில் உன் கட்டுரை வராது, கட்டுரை வராவிட்டால் பட்டம் இல்லை என்று நீ போனில் அழுதது என் காதிலேயே இருக்கிறது. நூலகம் என்றால் புத்தகம் எடுத்துத் திருப்பிக் கொடுக்கிற இடம் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாசல் பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். இரண்டாம் மாடி, ஆய்வுத் தரவு உதவி மையம். கண்ணாடி அறை, ஒரு ஸ்கேனர், சக்கரம் ஆடும் இரண்டு நாற்காலிகள், அங்கே மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு அம்மாள். டேட்டா அம்மா என்று நான் பெயர் வைத்துவிட்டேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அலமாரியில் எதையோ எடுக்கத்தான் எழுந்தார் என்றாலும் மரியாதை மரியாதைதானே!

“நீங்கதான் ஆய்வாளரா?”

“ஆய்வாளரோட மாமா. கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.”

ஹார்ட் டிஸ்கைத் திறந்தால் ‘கடைசி’, ‘கடைசி இரண்டு’, ‘உண்மையான கடைசி’, ‘இதுதான் கடைசி தொடாதே’ என்று நான்கு கோப்புகள். “இதுல எது சார் சரி?” என்றார். “நாலையும் கூட்டி நாலால வகுத்துடுங்க” என்றேன். சிரிக்கவில்லை. நோட்டோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, சாயங்காலத்துக்குள் ‘உண்மையான கடைசி’தான் சரி என்று கண்டுபிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன், நடுவில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு.

அடுத்த நாள் வேறு வேலை. நிறுத்தத்தில் நீ பேசிய பயணிகளின் பெயர், போன் நம்பர் எல்லாம் நோட்டில் இருக்கிறதல்லவா, அது வெளியே தெரியக்கூடாதாம். நான் உடனே பேனாவை எடுத்து நோட்டில் அடிக்கத் தொடங்கினேன். அந்த அம்மாள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். “ஐயோ, நோட்டுல கைவைக்காதீங்க! வெளிய போற பிரதியில மட்டும்தான்.” அப்புறம் எல்லோரையும் பயணி ஒன்று, பயணி இரண்டு என்று மாற்றினார். என்னை ‘உதவியாளர் ஒன்று’ என்று போட்டார். “ஒன்றுன்னா முதலிடமா?” என்று கேட்டேன். “நீங்க ஒரே ஆள்தான் சார் இருக்கீங்க.”

பிறகு, இனிமேல் உலகத்தில் யாரும் இந்தத் தரவை எடுத்துப் பார்க்கலாம், பயன்படுத்தலாம், உன் பெயரை மட்டும் குறிப்பிட வேண்டும், நீ அதற்குச் சம்மதித்து எழுதியிருக்கிறாய் என்று விளக்கினார். “என் சகலையைத் தவிர எல்லாரும் பார்க்கட்டும்” என்றேன். “அப்படி ஒரு பட்டன் இல்லீங்க” என்றார். குறையாக எழுதவில்லை; அரசாங்கம் கவனிக்க வேண்டிய விஷயம் அது.

கடைசியில், உன் காலில் கட்டுப் போட்டிருந்த இரண்டு மாதம் உனக்குப் பதிலாக நான் எழுதிய நோட்டுக்கு வந்தார்.

“அறுபது நாளும் சரியா ஏழு நிமிஷம் தாமதம்னு போட்டிருக்கீங்க.”

“அந்த டிரைவர் ரொம்ப ஒழுங்கானவர்.”

“ஞாயித்துக்கிழமை அந்த பஸ்ஸே ஓடாதுங்களே.”

“எனக்காக ஓட்டியிருப்பார்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சார், இதை நம்பி நாளைக்கு யாராவது பஸ் நேரத்தை மாத்துவாங்க. வெயில்ல நிக்கப்போறது நீங்களும் நானும் இல்ல. வியாழக்கிழமை வரைக்கும் யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். என் ஞாபகசக்தியில் அசந்துபோய் அவகாசம் கொடுத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஆக மொத்தம் காரியம் முடிந்தது. நீ தைரியமாக இரு. உன் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டு நான் கடிதம் எழுதும் நாள் தூரத்தில் இல்லை. நூறு வயது இருந்து, இப்படி ஒரு மாமா யாருக்கும் வாய்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லு.

இப்படிக்கு,
உன் ஆராய்ச்சியின் தூண், மாமா

பி.கு.: வியாழன் மதியம். இன்று காலை மையத்தைத் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். அந்த இரண்டு மாதத்தில் நான் நிறுத்தத்துக்குப் போனது முதல் நாள் மட்டும்தான். அன்று ஏழு நிமிஷம். மற்ற நாளெல்லாம் பின் தெரு சலூனில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பஸ் தெரியாது. சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் திட்டவில்லை. முதல் நாளை வைத்துக்கொண்டு மற்ற ஐம்பத்தொன்பது கட்டங்களையும் காலியாக்கினார். “காலியா இருக்கறதும் ஒரு தகவல்தாங்க” என்றார். ஏன் காலி என்று விளக்கக் குறிப்பும் எழுதிச் சேர்த்தார். யாரும் தேடி எடுக்க அதற்கு ஒரு நிரந்தர எண் உண்டாம், எந்தக் காலத்திலும் அழியாதாம். உன் பேராசிரியரோடும் பேசினார். நீ எடுத்த பத்து மாதமே போதும், இரண்டு அட்டவணைகளை மாற்றினால் நாளைக்குள் எல்லாம் ஏறிவிடும் என்றாராம். உனக்கு மின்னஞ்சலும் போய்விட்டது. ஆகவே இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். மேலே எழுதியதில் நோட்டு ஆறு என்பதாவது உண்மை. திட்டுவதற்காகவாவது ஒரு போன் பண்ணும்மா. நான் போன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.