மாத்தாளு மேனேஜர்

திருப்பூரில் பிறந்த குழந்தை நடக்கப் பழகுவதற்குள் ஒரு பனியன் தைத்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் நேராக ஒரு தையல் போடத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைக் கண்டுதான் எங்கள் கம்பெனியே நடுங்கியது.

ரெண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். முதலிபாளையம் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் ஷிப்பிங் பேப்பர் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே லீவு விவகாரங்களைத் தீர்த்து வைக்கும் மேனேஜர் அவர். யாராவது லீவு போட்டால் அவர்களுக்கு மாற்றாக இவரே மெஷினில் உட்கார்ந்துவிடுவார். அதனால் 'மாத்தாளு மேனேஜர்'. சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததோ என்னவோ!

தையல் லைனில் ஒருவர் பனியனுக்குக் கை வைத்துத் தைத்துக் கொடுத்ததை வாங்கி அடுத்தவர் பக்கவாட்டைத் தைக்க வேண்டும். நடுவில் ஒரு நாற்காலி காலியானால் மொத்த லைனும் படுத்துவிடும். டெய்லர் லீவு கேட்பார், சூப்பர்வைசர் குதிப்பார், பஞ்சாயத்து மேனேஜரிடம் வரும். அவருக்கோ கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற குஷி! இரு தரப்பையும் நின்றபடியே கேட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்.

"நீ போயிட்டு வா கண்ணு. சூப்பர்வைசர் சார், நீங்க ஏனுங்க கவலப்படறீங்க? அந்த மெஷின்ல நான் உக்காந்துக்கறனுங்க!"

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஓவர்லாக் மெஷினில் துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்க ஒரு கத்தி உண்டு. மேனேஜர் உட்கார்ந்த முதல் நாளே மெஷின் அவருடைய சட்டை நுனியை வெட்டி, மிச்சத்தைப் பனியனோடு சேர்த்துத் தைத்துவிட்டது. அவர் எழுந்தபோது பனியனும் கூடவே எழுந்து வந்தது. இன்னொரு நாள் கழுத்துப் பக்கத்தையே மூடித் தைத்துவிட்டார். செக்கிங் அக்கா அதைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்.

"ஏனுங்க சார், இதுல தலைய எங்கீங்க உடறது?"

"அவசரப்படாதீங்க. மொதல்ல கைய உட்டுப் பாருங்க, தலை தானா ஒரு வழி பண்ணிக்கும்!"

பொய் சொல்லி லீவு போடுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். தன் கைக்குத் தோதாக நூலின் இறுக்கத்தை வைத்து, பொட்டும் வைத்துக் காப்பாற்றும் மெஷினை இன்னொருவர் தொட்டால் எந்த டெய்லர் பொறுப்பார்? காய்ச்சல் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போன ஒருவருக்குப் பக்கத்து மெஷின்காரர் செல்போனில் தகவல் சொன்னார்: "உன்ற மெஷின்ல அவரு உக்காந்துட்டாரு." இடைவேளைக்கு முன்பே ஆள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"காச்சல் உட்டுப்போச்சுங்களா?" என்றார் மேனேஜர்.

"உங்களப் பாத்ததும் உட்டுப்போச்சுங்க. கோடிப் புண்ணியம், எந்திரிங்க!"

இந்தக் கூத்தெல்லாம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஓவர்டைமில் வினையாக வந்து நின்றது. ஆரோக்கியம் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பனியனின் கீழ் ஓரத்தை மடித்துத் தைக்கும் பிளாட்லாக் டெய்லர். மகளை ஊரில் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்து பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பிள்ளைக்கு மாதா கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. அதே ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கண்டெய்னரும் கிளம்ப வேண்டும்.

"ஐயா, வெள்ளக் கவுனு போட்டு வரிசையில நிக்கையில அம்ம எங்கன்னு தேடும்யா" என்று முதலாளியிடம் அழுதார்.

முதலாளி குண்டடத்தில் தோட்டத்தை விட்டு வந்து, டெய்லராக ஆரம்பித்து முன்னேறியவர். தங்கமான மனிதர், ஷிப்மெண்ட் என்றால் மட்டும் கண்மண் தெரியாது. "போறதுன்னா போயிக்கம்மா. ஆனா பொறவு இந்த கேட்டுக்குள்ள வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

லைனில் எல்லோரும் அவரவர் மெஷினில் குனிந்துகொண்டார்கள். மேனேஜர் மட்டும் கைகளைத் தேய்த்தார்.

"மொதலாளி, நான் உக்காந்துக்…"

"சாமி, உங்களக் கும்புட்டுக்கறேன்! நீங்க தச்சா சரக்கு வாங்கற பையர் கண்டெய்னரோட திருப்பி அனுப்பிருவானுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் ஆரோக்கியத்தின் மெஷினில் உட்கார்ந்து ஓட்டிவிட்டார். முதல் பனியனின் ஓரம் ஏறி இறங்கிக் கொண்டை ஊசி வளைவெல்லாம் போட்டது. இரண்டாவது பனியனில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கொண்டன. மூன்றாவதை எடுத்தபோது முதலாளிக்கு வேர்த்துவிட்டது. அவருக்குள் இருந்த பழைய டெய்லரால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"எந்திரிங்கய்யா! ஏனுங்க துணியப் போட்டு இப்பிடிக் கொல்றீங்க?"

"அப்ப யாருங்க தைக்கறது?"

"நான் தைக்கறேன்! நவுருங்க மொதல்ல!"

வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார் பாருங்கள், முதலாளி! பனியன்கள் பறந்தன. லைன் முழுக்க ஒரே விசில். மேனேஜர் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஓடு கண்ணு, பஸ்ஸப் புடி!" என்று ஆரோக்கியத்தை விரட்டினார். முதலாளி தலை நிமிராமலே, "செவ்வாக்கெழமை வந்துரும்மா" என்றார். கண்டெய்னரும் சொன்னபடி கிளம்பியது.

செவ்வாய்க்கிழமை ஆரோக்கியம் வந்ததும், மெஷினை யாரும் கெடுத்துவைக்கவில்லையே என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் போனார்.

"சார், என்னப் பாத்ததும் வரிசைய விட்டுட்டு ஓடியாந்து கட்டிக்கிட்டா. சாமியார்கூட வைதாரு. அது வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு நின்னாளாம் சார்."

மேனேஜர் மூக்கை உறிஞ்சினார், கர்ச்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. கிடந்த வேஸ்ட் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு லைனைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னைக்கி வேற யாருக்காச்சும் லீவு வேணுங்களா?"

ஒரு கைகூட உயரவில்லை. அவரை விட்டுவிட்டுப் போய் வீட்டில் உட்கார அன்றைக்கு எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.