உடுமலைக்கு ரத்தம் எடுக்கப் போனவர்

சுரேந்தர் ஊசியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து வாசலில் ஓர் அம்பாசிடர் கார் வந்து நின்றது.

கையில் ரப்பர் கட்டுடன் உட்கார்ந்திருந்த வெங்கடபதிக்கு முகம் வெளுத்தது. அவர் மனைவி பங்காரம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க. நாளைக்கு வாரோம்னு சொல்லிபோட்டு இன்னைக்கே வந்துட்டாங்க. தம்பி, பரம்பரை, வியாதின்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரப்படாதுங்க."

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. சுரேந்தர் கோவை பீளமேட்டில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்ணுக்குள் சரியான மரபணுவைக் கொண்டுபோய் வைத்துப் பார்வையைத் திருத்த வேண்டும் என்பது அவர் கனவு. உலகத்தில் யாருக்கும் அது அதுவரை கைகூடவில்லை. துறைக்கே ஒரு ஃபிரிட்ஜ்தான். அதிலும் பாதி இடம் பேராசிரியரின் தயிர்சாதத்துக்கு. வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று தபாலில் வந்தால் நாலு பேர் முறைவைத்துப் படிப்பார்கள். ஆனாலும் இன்னும் கொஞ்ச வருஷத்தில் மருந்து வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். தலை நரைத்த பிறகும் அந்த நம்பிக்கையை நினைத்தால் சுரேந்தருக்கு ஏக்கமாக இருக்கும்.

ஆராய்ச்சிக்குத் தேவை, வழிவழியாக நிறக்குறை உள்ள குடும்பத்து ரத்தம். ஐஸ் போட்ட பிளாஸ்க்கும் கையுமாக அவர் உடுமலைப்பேட்டைக்கு பஸ் ஏறியது அதற்காகத்தான். வெங்கடபதிக்கு அந்தக் குறை இருந்தது.

"இவரு யாருங்க?" என்று கேட்டபடியே உள்ளே வந்தார் மாப்பிள்ளையின் அப்பா.

"சர்க்கரை பார்க்க வந்தேனுங்க," என்று சுரேந்தர் முந்திக்கொண்டார்.

"சம்பந்திக்குச் சர்க்கரைங்களா? தரகர் சொல்லவே இல்லீங்களே."

"அவருக்குன்னு இல்லீங்க. ஊடு ஊடா எல்லாத்துக்கும் பாக்கறமுங்க. இலவசந்தான்."

"அப்ப எனக்கும் எடுத்துப்போடுங்க."

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்குப் பின்னால் சித்தப்பா, தாய்மாமன், கார் டிரைவர் என்று வரிசை நின்றது. வெங்கடபதி குடும்பத்துக்கென்று கொண்டுவந்த குழாய்களில் ஒன்று தவிர எல்லாம் விருந்தாளிகளின் ரத்தத்தால் நிரம்பின. மிஞ்சிய ஒரே குழாயுடன் சுரேந்தர் மாப்பிள்ளை சென்னகிருஷ்ணன் பக்கம் திரும்பினார்.

"அவனுக்கு வேண்டாமுங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மா. மகனின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

வெங்கடபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, மாப்பிள்ளைக்கு ஏதாச்சும்...?"

"எம் பையனுக்கு ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லீன்னா எடுக்கட்டுமேங்க."

கதவோரம் நின்ற கல்யாணப்பெண்ணின் கண் கலங்கியது. சென்னகிருஷ்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். தன் பொய்யால் ஒரு கல்யாணமே நின்றுவிடப்போகிறது என்று சுரேந்தருக்குப் புரிந்தது.

"மன்னிச்சுப்போடுங்க," என்று எழுந்து நின்றார். "சர்க்கரை பார்க்க வரலீங்க. அய்யாவுக்குச் செவப்பு, பச்ச பிரிச்சுத் தெரியாதுங்க. பொறக்கற பேரனுக்கும் வரலாம். அதுக்கு மருந்து கண்டுபிடிக்கத்தான் ரத்தம் கேட்டேன். உங்க ரத்தத்தையெல்லாம் கீழ கொட்டிப்போடறேனுங்க."

பங்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜம்மா மகனைப் பார்த்தார், வெங்கடபதியைப் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அந்த மருந்தைக் கல்யாணத்துக்குள்ள கண்டுபிடிச்சுப்போடுங்க தம்பி. செவப்புச் சேலையில இருக்கற பொண்ணு போட்டோவ வெச்சுக்கிட்டு, கட்டுனா இந்தப் பச்சச் சேலக்காரியத்தான் கட்டுவேன்னு எம் பையன் ஒத்தக்கால்ல நிக்கறானுங்க."