தண்ணி காட்டிய ஊட்டியார்

இராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றால் அந்தக் காலத்து ஆபீஸ்களில் ‘தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்துவிட்டார்கள்’ என்பார்கள். அந்தக் காட்டில் உட்கார்ந்துகொண்டே மேலதிகாரிக்குத் தண்ணி காட்டியவர் பூலோகத்தில் ஒருவர்தான். எங்கள் ஆபீஸ் கிளார்க் ஊட்டியார்.

ஊட்டியில் அதிகாரியை எதிர்த்துப் பேசினார்; இங்கே வந்து விழுந்தார். பெட்டி படுக்கையோடு இஞ்சி போல ஒரு கிழங்கும் வந்தது. ஐரிஸ் என்றார். இளம் ஊதா நிறத்தில், ஃப்ரில் வைத்துத் தைத்த பாவாடை மாதிரி சுருக்கம் சுருக்கமாகப் பூக்குமாம். கீழ் இதழில் மஞ்சள் தாடி வேறு இருக்குமாம்.

“பூவுக்குத் தாடியா?” என்றேன்.

“ஆமாங்க. தண்ணி அதிகமானா அழுகிப் போயிரும். தண்ணியில்லாத ஊருக்குத்தானே அனுப்புனாங்க? தண்ணி கேக்காத பூவைக் கொண்டாந்திருக்கேன். இதுக்குத் தாடி முளைக்கிற வரைக்கும் நானும் சவரம் பண்றதில்லைங்க.”

வாடகைக்குப் பிடித்த வீட்டு முற்றத்தில் அதை நட்டார். இலை விட்டதும் வீட்டுக்காரம்மா கண்ணில் பட்டது. கத்தி போன்ற இலை, கணுக்கணுவான கிழங்கு; வசம்பு என்றே முடிவு கட்டிவிட்டார். வசம்பைப் பெயர் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் கட்டுப்பாடு. ‘பேர் சொல்லாதது’ என்பார்கள். ஊட்டியார் ஆபீஸிலிருந்து திரும்பியபோது கிழங்கு முறத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

“பேரனுக்கு வளையல் கோக்கத்தான் தம்பி. இங்கன பேர் சொல்லாதது கிடைக்கவே மாட்டேங்குது.”

“இதுக்குப் பேர் இருக்குதுங்கம்மா. ஐரிஸ்.”

“சத்தமாச் சொல்லாதீக தம்பி, பலிக்காது.”

நல்லவேளை, அந்தக் கிழங்குக்கு வெயில் என்றால் உயிர். மறுபடி நட்டார், தளிர்த்தது.

மார்கழியில், குளிர் போதாது என்று கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து மீனுக்குப் போடும் ஐஸை ரயிலில் சுமந்து வந்து, செடியைச் சுற்றிச் சட்டி சட்டியாக வைத்தார். முட்டைகூடத் தொடாத மனிதரைப் பார்த்துத் தெருவே, “இன்னைக்கு என்ன மீன்?” என்று கேட்டது.

ஊட்டியாரின் தாடி நெஞ்சைத் தொட்டபோது அந்தப் பழைய அதிகாரி சுற்றுப்பயணம் வந்தார். தாடிக்குக் காரணம் கேட்டு, வீட்டுக்கே வந்து செடியைப் பார்த்தார்.

“இந்த உப்புக்காத்துல இது பூக்காதுய்யா. மன்னிப்பு எழுதிக் குடு, அடுத்த வாரம் ஊட்டியில இருப்ப.”

எழுதிவிடுவார் என்றே நினைத்தேன். ஊட்டியார் ஆசையாக வளர்த்த தோட்டம் முழுவதும் ஊட்டியில்தான் இருந்தது.

“பூக்கட்டும் சார், எழுதறேன்” என்றார் ஊட்டியார்.

மாசியில் பூத்தது. ஒரே ஒரு பூ. சொன்ன அதே சுருக்கம், அதே தாடி. வீட்டுக்காரம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். ஊட்டியார் மழமழவென்று சவரம் செய்துகொண்டு, சொன்னபடியே எழுதினார். நான்தான் தபாலில் சேர்த்தேன்.

‘பூத்துவிட்டது. பூக்காது என்று சொன்னதற்குத் தங்களுடைய மன்னிப்பை எதிர்பார்க்கிறேன்.’

பதில் வரவில்லை, மாற்றலும் வரவில்லை. ரிட்டையராகும்வரை இங்கேயேதான் இருந்தார். ஊருக்குப் புறப்பட்ட அன்று ஒரு கிழங்கை வெட்டி என் கையில் வைத்தார்.

என் வீட்டில் அது இன்றுவரை பூக்கவில்லை. மார்கழி பிறந்தால் நானும் ஐஸ் வாங்க மண்டபத்துக்கு ரயில் ஏறுகிறேன். திரும்பும்போது தெருவில், “என்ன மீன்?” என்கிறார்கள். அப்போது ஊட்டியார் பக்கத்தில் நடந்து வருவது போலிருக்கிறது. அதற்காகவே அது பூக்காமல் இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை.