பத்து விரலுக்கும் அதே மாதிரி

அந்தப் பெண்மணி கையை நீட்டவில்லை. செல்போனைத்தான் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் பாருங்க," என்றாள். "பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

புதுசு அதை வாங்கிப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாததால் அந்த அழகு நிலையத்தில் அவளுக்குப் 'புதுசு' என்றுதான் பெயர். போனில் ஒரே ஒரு கட்டை விரல் நகம், திரை முழுக்கப் பெரிதாக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் தேன் நிறம். உள்ளே போகப் போக அது பாசிப் பச்சையாகி, அடியில் சாம்பலாக மங்கியது. குறுக்கே நூல் நூலாக வெள்ளை இழைகள். எந்த நிறம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் பைக் டேங்க்குகளுக்கு ஸ்ப்ரே அடிக்கும் கடையில் இருந்தவள் அவள். தீ ஜுவாலை, கழுகு, மண்டையோடு என்று எதைக் கேட்டாலும் அடித்துக் கொடுப்பாள். ஆனால் இப்படி ஒரு குழைவை அவள் பார்த்ததில்லை. யாரோ பெரிய கை, என்று நினைத்துக்கொண்டாள்.

"இதை நான் என்ன பண்ணணும்?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே விழுங்கினாள்.

காரணம், காலையில் கடை முதலாளி மேடம் கொடுத்த டோஸ். போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம், இந்தச் சிவப்பு போட்டால் விரல் கேரட் மாதிரி இருக்கும் என்று புதுசு உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்தம்மா ஒரு கைக்கு மட்டும் போட்ட நகப்பூச்சோடு எழுந்து போய்விட்டாள்.

"உன் கை நல்லா இருக்கு, வாய்தான் சரியில்லை," என்றாள் மேடம். "கஸ்டமர் வாயைத் திறந்தா நீ மூடிக்கணும். கேள்வி கேட்காதே, கருத்து சொல்லாதே. இன்னொருத்தங்க பாதியில எழுந்து போனாங்கன்னா, அவங்க பின்னாடியே நீயும் போயிடு." இதைச் சொல்லிவிட்டு, பழுதுக்குக் கொடுத்திருந்த கடைப் பெயர்ப் பலகையை எடுத்து வரக் கிளம்பிப் போனாள்.

ஆகவே புதுசு கேள்வி எதுவும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டின் பட்டனைச் சரி செய்து, மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, மேஜை விளக்கைப் போட்டாள்.

"கையை இப்படி வைங்க."

"என் கையையா?"

"பார்க்காம எப்படிங்க?"

அந்தப் பெண்மணி யோசித்தாள். பிறகு கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு வலது கையை விளக்கின் கீழே வைத்தாள். புதுசு ஒவ்வொரு நகமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க நகம் நல்லா இருக்குங்க. சுத்தமா இருக்கு."

"அப்பாடா!" அந்தப் பெண்மணி கண்ணையே மூடிவிட்டாள். இவ்வளவு சின்னப் பாராட்டுக்கு இவ்வளவு பெரிய நிம்மதியா என்று புதுசு அதிசயப்பட்டாள். வீட்டில் யாரும் பாராட்டுவதில்லை போலிருக்கிறது.

நகத்தை ராவி, சதையை ஒதுக்கி, அடிப்பூச்சு கொடுத்து, சாயம் ஊதும் ஏர்பிரஷ்ஷின் கம்ப்ரெஸரைப் போட்டாள். அது உறுமியதும் அந்தப் பெண்மணி நாற்காலியோடு பின்னால் போனாள்.

"எரியுமாங்க?"

"காத்து மாதிரிதான் இருக்கும்."

முதலில் தேன் நிறம். மேலே பச்சை, தூரத்தில் பிடித்து, பனி விழுகிற மாதிரி. கடைசியில் வெள்ளை இழைகள். புதுசு மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். முடித்துவிட்டு, செல்போனையும் கட்டை விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எது படம், எது விரல் என்று தெரியவில்லை.

அந்தப் பெண்மணியின் முகம் வெளுத்தது. "ஐயோ! அதே மாதிரி வந்திடுச்சே!"

"ரொம்ப தேங்க்ஸுங்க."

"இவ்ளோ நாளா வெளிய தெரியாம உள்ளேயே இருந்திருக்கோ?"

புதுசுக்கு இது கொஞ்சம் ஆழமான பேச்சாகப் பட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "உள்ளே இருக்கறதை வெளிய கொண்டு வர்றதுதாங்க எங்க வேலையே," என்றாள்.

அந்தப் பெண்மணியின் கண் கலங்கியது. புதுசு பதறிப்போய், பேப்பர் எடுக்கிற சாக்கில் உள்ளே ஓடினாள். அங்கே முடிவெட்டுகிற கத்திரி அக்கா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தம்மா அழறாங்க."

"நல்லா இல்லையாமா?"

"அதே மாதிரி இருக்குன்னு சொல்லித்தான் அழறாங்க."

கத்திரி அக்கா திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒரு சந்தேகம். மேடம் உன்னைச் சோதிக்க ஆள் அனுப்பியிருக்காங்க. நீ வாயைத் திறக்கறியான்னு பார்க்கறதுக்கு."

 புதுசு திரும்பி வந்து பவ்யமாக உட்கார்ந்தாள்.

"ஏங்க," என்று அந்தப் பெண்மணி மெதுவாகக் கேட்டாள், "இது பரவுமா?"

"பரவவே பரவாதுங்க. லைட்டுல வெச்சு எடுத்தா அப்படியே நின்னுடும்."

"தண்ணி பட்டா?"

"பாத்திரம் தேய்ங்க, துணி துவைங்க, ஒண்ணும் ஆகாது. மூணு வாரத்துக்கு நான் கியாரண்டி."

"மூணு வாரமா!"

குறைச்சலாகச் சொல்லிவிட்டோம் என்று புதுசு நினைத்தாள். "மேல இன்னொரு கோட் குடுத்தா ஒரு மாசம் தாங்கும்," என்று சொல்லிக்கொண்டே, அவள் தடுப்பதற்குள் இன்னொரு கோட்டையும் கொடுத்து முடித்தாள்.

அந்தப் பெண்மணி பையைத் தோளில் மாட்டினாள். "நான்... அப்ப நான் கிளம்பட்டுமா?"

புதுசின் காதில் மேடத்தின் குரல் ஒலித்தது. இவள் எழுந்தால் தானும் எழ வேண்டியதுதான்.

"உட்காருங்க! மத்த விரலுக்கும் போட்டுடறேன்."

"மத்ததுக்குமா? போட்டே ஆகணுமா?"

"ஒண்ணோட விடக் கூடாதுங்க. முழுசா பண்ணிட்டாத்தான் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

இதைக் கேட்டு அந்தப் பெண்மணி தொப்பென்று உட்கார்ந்தாள். மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிறவள் மாதிரி நீட்டினாள்.

சுண்டு விரலுக்கு வரும்போது ஏர்பிரஷ் இருமியது. பச்சைச் சாயம் ஒரு சொட்டாக நகத்தின் நடுவில் தெறித்தது. துடைத்தால் ஈஷிக்கொள்ளும். புதுசு அதன் மேலே கொஞ்சம் பழுப்பை ஊதி, திட்டுத் திட்டாக இழுத்துவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விரலில் மட்டும் திட்டு இருந்தால் ஒட்டாமல் நிற்குமே? அதனால் மற்ற விரல்களுக்கும் திட்டு வைத்தாள். திட்டுகள் சேர்ந்ததும் பச்சை போதவில்லை; பச்சையைக் கூட்டினாள். பச்சை கூடியதும் சாம்பல் எடுபடவில்லை.

"அதிகமாகிட்டே போகுதே..." என்றாள் அந்தப் பெண்மணி.

"அதிகமாகித்தான் செட் ஆகும்."

ஊதிக்கொண்டே, "யார்கிட்டங்க முதல்ல பார்த்தீங்க இதை?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் புதுசு. கேள்வி கேட்டுவிட்டாள்! ஆனால் அந்தப் பெண்மணி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போலக் கொட்டினாள்.

"என் மாமியார்கிட்டதாங்க. கால்ல. இதனால வீட்டுல நிம்மதியே போச்சு. ஒரு மாசமா செருப்பே போட மாட்டேங்கறாங்க. யார் வீட்டுக்கு வந்தாலும் காலை நீட்டிக் காமிக்கறாங்க. பால்காரர், மின்சார ரீடிங் எடுக்க வர்றவர், யாரையும் விடறதில்லை. எந்நேரமும் இதே பேச்சு."

உள்ளே துண்டு மடிக்கும் சத்தம் நின்றது. கத்திரி அக்கா ஏதோ எடுக்க வருவது போல வந்து, புதுசின் காதருகே குனிந்தாள்.

"இது மேடத்தோட ஆள் இல்லடி. மாமியார் மருமகள் போட்டி! கிழவி காலுக்கு டிசைன் போட்டுக்கிட்டு ஊர் பூரா பீத்திக்கிட்டு இருக்கா. இவளுக்குப் பொறுக்கலை. அதான் இந்த அழுகை."

புதுசுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. அந்த மாமியாரின் மேல் மரியாதையும், இந்த மருமகளின் மேல் இரக்கமும் ஒரே நேரத்தில் பொங்கின. இடது கைக்கு இன்னும் தாராளமாக ஊதினாள்.

அந்தப் பெண்மணி செல்போனை ஸ்பீக்கரில் போட்டு, தாடையால் தள்ளித் தள்ளி வீட்டுக்கு அழைத்தாள்.

"அத்தை, எனக்கும் உங்களுது மாதிரியே வந்திருக்கு... இல்லத்தை, ஒண்ணு இல்லை. பத்து விரலுக்கும்."

செல்போனுக்குள்ளிருந்து ஓர் அலறல் கிளம்பியது. "பத்துக்குமா! அடிப்பாவி, உன் தட்டு டம்ளரைத் தனியா எடுத்து வை! என் பிள்ளை பக்கத்துல போகாதே!"

கத்திரி அக்காவும் புதுசும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறாமை இந்த அளவுக்குப் போகும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"அத்தையையும் கூட்டிட்டு வாங்க," என்றாள் புதுசு ஆறுதலாக. "அவங்களுக்கும் மிச்ச விரலுக்கெல்லாம் போட்டுவிட்டுடலாம். சண்டையே இருக்காது."

அந்தப் பெண்மணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பயமா, நன்றியா, என்னவென்று புதுசுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் கத்திரி அக்கா, "சாயம் மிச்சம் இருக்குல்ல?" என்று தன் மோதிர விரலை நீட்டினாள். ஒரு நொடியில் அதற்கும் ஊதியாகிவிட்டது.

அப்போதுதான் பெயர்ப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடம் வந்தாள். விளக்கின் கீழே விரிந்து கிடந்த பத்து விரல்களைப் பார்த்தாள். பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"யார் போட்டது?"

"நான்தான் மேடம்," என்றாள் புதுசு, சுவருக்குக் கேட்கிற குரலில்.

"பேசினியா?"

"இல்லை மேடம். ஒரே ஒரு கேள்விதான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தாள். "நானும் எத்தனையோ ஊர்ல எத்தனையோ கண்காட்சி பார்த்தாச்சு. இந்த மாதிரி ஒரு கலவையைப் பார்த்ததே இல்லை. பாசி பிடிச்ச பளிங்கு மாதிரி இருக்குடி! நாளையிலிருந்து நீ நிரந்தரம். வாசல்ல இந்தக் கை படத்தைத்தான் பெருசா ஒட்டப் போறேன்." அந்தப் பெண்மணி என்ன ஏது என்று கேட்பதற்குள் செல்போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தாள். பிறகு தன் இரண்டு கட்டை விரல்களையும் புதுசின் முன்னால் வைத்தாள். "எனக்கும் ஊது."

புதுசு ஊதினாள். சந்தோஷத்தில் கை நடுங்கியதால் திட்டுகள் முன்னைவிடத் தத்ரூபமாக விழுந்தன.

"இந்த டிசைனுக்குப் பேர் என்ன?" என்றாள் மேடம், விரலை விளக்கில் காட்டிக்கொண்டே.

 புதுசு அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றாள்.

"அதைக் கேட்கத்தாங்க நான் வந்ததே," என்றாள் அந்தப் பெண்மணி. "இவ்ளோ நேரமா யாராவது சொல்லுவீங்கன்னு பார்க்கறேன். ஆளாளுக்குப் போட்டுக்கறீங்களே தவிர, யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க."

மேடம் புதுசைப் பார்த்தாள். புதுசு கத்திரி அக்காவைப் பார்த்தாள். கத்திரி அக்காவுக்கும் இதற்கு எந்தக் கதையும் தோன்றவில்லை.

கதவு திறந்தது. அதே மாடியில் எதிர்க் கதவிலிருந்து ஒரு நர்ஸ் வந்து தலையை உள்ளே நீட்டினாள். யாரையோ தேடி வந்தவள், நாற்காலியில் இருந்த அந்தப் பெண்மணியைப் பார்த்தாள். அந்தப் பெண்மணி உலராத பத்து விரல்களையும் தூக்கிக் காட்டினாள். நர்ஸின் பார்வை அங்கிருந்து கத்திரி அக்காவின் மோதிர விரலுக்கும், மேடத்தின் இரண்டு கட்டை விரல்களுக்கும் போனது. அவள் படக்கென்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினாள்.

"தோல் டாக்டர் எதிர்க் கதவுல உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரும்மா, உங்க மாமியாருக்குக் கால்ல ஒரே ஒரு நகச்சொத்தைன்னுதானே போன்ல சொன்னீங்க, அதுக்குள்ள இங்க எல்லாருக்கும் பரவிடுச்சா?"